தமிழும் மலையாளமும் கலந்த பக்கங்களுக்கு இலவச எழுத்துணரி: உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை அருகே எங்கள் ஊர் வாசகசாலையில் உள்ள பழைய கணினி விண்டோஸ் 10-இல் இயங்குகிறது. அதற்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், இணையத்தில் இணைக்காமல் ஸ்கேனர் வேலைக்கு மட்டும் அதை வைத்திருக்கிறோம். எழுதுவதற்கு லிப்ரே ஆபிஸும், கோப்புகளைச் சுருக்குவதற்கு செவன்-சிப்பும் போதுமானவையாக உள்ளன.

சிக்கல் எழுத்துணரியில்தான்; அதாவது, ஸ்கேன் செய்த பக்கத்தின் எழுத்துகளைத் திருத்தக்கூடிய உரையாக மாற்றும் மென்பொருளில் (OCR). எங்கள் அச்சிட்ட ஆண்டறிக்கைகளில் மலையாளத் தலைப்பும் தமிழ் உரையும் ஒரே பக்கத்தில் வருகின்றன. டெசராக்ட் என்னும் இலவச எழுத்துணரி இரு மொழிகளையும் அறியும் என்றாலும், அதைக் கட்டளை வரியில் (ஆணைகளைத் தட்டச்சு செய்து) இயக்குவது எங்கள் நூலகர் அக்காவுக்குக் கடினமாக இருக்கிறது (எனக்கும் அது உவப்பான வேலையன்று). ஆகவே, டெசராக்ட்டைப் பொத்தான்கள் வழியே பயன்படுத்த உதவும் மென்பொருள்களான நாப்ஸ்2 அல்லது ஜிஇமேஜ்ரீடரில் இரு மொழிகளையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்துப் பார்த்தவர்கள், கூட்டெழுத்துகளில் எவ்வளவு பிழை வருகிறது என்பதையும், 4 ஜிபி நினைவகத்தில் அவை தடையின்றி ஓடுகின்றனவா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

வேறு மென்பொருளைப் பரிந்துரைப்போர் அதன் உரிமத்தையும் குறிப்பிடுங்கள். தனிநபருக்கு மட்டும் இலவசமானவற்றை வாசகசாலையில் நிறுவுவது முறையாகாது. வட்டில் இடத்தை அடைத்திருக்கும் கோப்புகளைக் கண்டறியத் திறமூலமான விண்டிர்ஸ்டாட்டை நாங்கள் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.