மறு: ரத்தக்குழாய்ப் ‘பிளேக்’கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

> ‘அடைப்பு’ என்று எல்லாருமே சொல்கிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமே? இல்லையென்றால் ‘படிவு’ போதும்.

ஐயா, வணக்கம். ‘அடைப்பு’ மக்கள் வாயில் புழங்கும் சொல்தான். ஆனாலும் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு சேர்ந்து உருவாகும் பிளேக்குக்கு (plaque) அது வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

ரத்தத்தில் எல்டிஎல் (‘கெட்ட கொழுப்பு’) மிகுந்தால் அந்தத் துகள்கள் குழாயின் உட்படலத்தைக் கடந்து சுவருக்குள் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பால் உப்பி அங்கேயே மடிகின்றன. மேலே நார்த்திசு மூடிபோல வளர்கிறது. இத்தனையும் நடப்பது சுவருக்குள்; ரத்தம் ஓடும் வழியில் இல்லை. சுவரும் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. இடது முதன்மை இதயத்தமனியில் பிளேக் 40% இடத்தைப் பிடிக்கும்வரைகூட வழி குறுகாமல் இருக்கலாம் என்று ஆய்வாளர் கிளாகோவின் குழுவினர் 1987இல் காட்டினார்கள்.

இப்போது ஆஞ்சியோகிராம் எடுத்த ஒருவரிடம் “அடைப்பு 30 சதவீதம்தான்” என்று சொன்னால் என்ன ஆகும்? “அப்போ பயமில்லை” என்று கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். ஆஞ்சியோகிராம் வழியைத்தான் காட்டும், சுவரைக் காட்டாது. வழியைப் பாதிகூடக் குறுக்காத பிளேக்கின் மூடி கிழிந்தாலும் அதன்மேல் ரத்தம் உறைந்து குழாய் சில நிமிடங்களில் மூடிக்கொள்ளலாம். பல மாரடைப்புகள் வருவது இப்படித்தான். ஸ்டாட்டின் எல்டிஎல்லைக் குறைப்பதோடு இந்த மூடி கிழியாமல் கெட்டிப்படவும் உதவுகிறது. ரிப்போர்ட்டில் எல்டிஎல் எண் நார்மலாக வந்ததும் மாத்திரையை விட்டுவிடுபவர்களுக்கு இது புரிய வேண்டும். அதற்கு ஏற்ற சொல் வேண்டும்.

‘படிவு’ என்றால் மேற்பரப்பில் படிந்தது என்றாகிவிடும். சுரண்டி எடுத்துவிடலாம் போல ஒலிக்கிறது.

என் பரிந்துரை ‘கொழுப்புத்தடிப்பு’. தோலில் தடிப்பு வந்தால் அது உள்ளிருந்து எழும்பியது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. “தடிப்பு கிழிந்தது”, “தடிப்பு சுருங்கியது” என்று இயல்பாகப் பேசவும் வரும். முதலில் ‘சுவர்த்தடிப்பு’ என்றுதான் யோசித்தேன். எக்கோ ரிப்போர்ட்டில் இதயச்சுவரின் தடிமனைப் பேசும்போது குழம்பும் என்பதால் விட்டேன். முன்னொட்டாகத் ‘தமனி’யும் வேண்டாம், ஈழத்தில் அது ‘நாடி’.

வழி குறைவதற்குக் ‘குறுக்கம்’. முழுதாக மூடினால் மட்டும் ‘அடைப்பு’. மூன்றையும் பிரித்துவிட்டால் 1953இல் வெளிவந்த கொரியப் போர் ஆய்வைக்கூட எளிதாகச் சொல்லலாம்: இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயத்தை அறுத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 22தான். நான்கில் மூவருக்குத் தமனி நோயின் அடையாளம் இருந்தது. சிலருக்கு லேசான தடிப்பு, சிலருக்குக் குறுக்கம், அடைப்பு மிகச் சிலருக்கே. எல்லாவற்றையும் ‘அடைப்பு’ என்றால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

அப்புறம், அந்த நார்த்திசு மூடிக்கு ‘நார்மூடி’ சரிவருமா? இலங்கை மருத்துவ நூல்களில் வேறு சொல் இருந்தால் அங்குள்ள நண்பர்கள் தெரிவியுங்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்.