வெங்காயக் கொட்டிலில் கிடாய்களை நிறுத்தலாமா?

சுன்னாகத்தான்:
எங்கள் பின்வளவில் வெங்காயத்தை முடிந்து தொங்கவிடும் கொட்டில் ஒன்று உண்டு. அயலவர்களும் மாத வாடகைக்கு அதில் வைப்பார்கள். தீபாவளிக்கு முன் 20 கிடாய்களை 3 கிழமைக்கு அங்கே நிறுத்த வியாபாரி ஒருவர் கேட்கிறார். இரண்டும் விற்பனைக்குக் காத்திருக்கும் சரக்குத்தானே என்று சொல்லி, வெங்காயத்துக்குரிய வாடகையையே தருவாராம். சம்மதிக்கலாமா?

நீர்வேலியான்:
தம்பி, அந்த வாடகைக்குச் சம்மதிக்க வேண்டாம். வெங்காயத்துக்குக் காற்றோட்டமும் ஒழுகாத கூரையும் போதும். பூட்டிவிட்டு நான்கு நாள் கொழும்புக்குப் போய் வரலாம். கிடாய்க்கோ நாள்தோறும் குழை வெட்ட வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், இரவில் கள்வருக்கும் நாய்க்கும் காவல் இருக்க வேண்டும். பூவரசும் சீமைக்கிளுவையும் தின்று பழகிய ஆட்டுக்கு, நிறை ஏறட்டும் என்று திடீரென அரிசியை அள்ளி வைத்தால் வயிறு ஊதிச் செத்துவிடும். நான் ஒரு கிடாயை அப்படித்தான் இழந்தேன். மூத்திரம் ஊறிய தரையின் ஈரம் அடுத்த போக வெங்காயத்தையும் கெடுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கொடிகாமம் வாசி:
வெங்காயமும் உலர்ந்து நிறை குறையும், ஒன்று அழுகினால் பக்கத்து முடிச்சுக்கும் பரவும். ஆனால் அழுகலைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை விற்கலாம். பல பட்டிகளில் வாங்கிய ஆடுகளை ஒன்றாக அடைப்பது வேறு விடயம். கால்வாய் நோய் (காலிலும் வாயிலும் புண் வரும் தொற்று நோய்) வெளித்தெரிய 14 நாள் வரை செல்லலாம், ஆடுகளில் அது இலேசாகவே தெரியும் என்பதால், நீங்கள் கவனிக்கும் முன்பே உங்கள் வீட்டுப் பசுவுக்குத் தொற்றிவிடக்கூடும். வன்னியிலிருந்து லொறியில் வரும் ஆடு வழியிலேயே நிறை இழந்திருக்கும். இறக்கிய அன்றே தராசில் நிறுத்து இருவரும் கையொப்பமிடாவிட்டால், நீங்கள் பட்டினி போட்டதாகப் பிறகு பேச்சு வரும்.

கணக்குப்பிள்ளை:
வியாபாரி சொன்னது அவருடைய ஏட்டில் சரிதான். இலங்கைக் கணக்கீட்டு நியமங்களில் 41ஆவது, வளர்த்துப் பெருக்கும் விலங்குகளுக்கானது. வெறுமனே வாங்கி விற்பவரின் ஆடு, 2ஆவது நியமத்தின்படி வெங்காயத்தைப் போல இருப்பாகவே பதியப்படும். அதற்காக உங்கள் கூலியையும் அதே கணக்கில் அடக்க முடியாது. தலைக்கு நாளுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். குழைச் செலவு வேறாக இருக்கட்டும்.

சுன்னாகத்தான்:
நன்றி. அப்படியே கேட்டேன். கிடாய் செத்தால் நட்டம் யாருக்கு என்பதையும் எழுதித் தரச் சொன்னேன். யோசித்து நாளை வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.