தீர்ப்புக்குப் பிந்தைய ஹேபியஸ் கார்பஸ்: 'ஆட்கொணர்வு' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'போஸ்ட் கன்விக்‌ஷன் ஹேபியஸ் கார்பஸ்' என்பது, குற்றத்தீர்ப்பு இறுதியான பிறகு, தன்னை அடைத்து வைத்தது சரியல்ல என்று அமெரிக்காவில் கைதி போடும் மனு. அதற்குத் தமிழாக்கமாக முன்வைக்கப்பட்ட 'தண்டனைக்குப் பிந்தைய ஆட்கொணர்வு மனு' எனக்கு உறுத்துகிறது. கன்விக்‌ஷன் என்பது குற்றத்தீர்ப்பு. 'தண்டனைக்குப் பிந்தைய' என்றால் சிறைவாசம் முடித்து வெளியே வந்தவர் போடும் மனு போல ஒலிக்கிறது. மனுதாரரோ பெரும்பாலும் இன்னும் உள்ளே இருப்பவர்.

அப்புறம், 'ஆட்கொணர்வு'. காணாமல் போனவருக்காகவும் தடுப்புக்காவலை எதிர்த்தும் நம் உயர் நீதிமன்றங்களில் போடும் மனுவுக்கு அது அருமையான சொல். லத்தீனிலும் 'கார்பஸ்' என்றால் 'உடல்'தானே என்று கேட்கலாம். ஆங்கில வாசகருக்கு அந்த லத்தீன் வெறும் ஒலி. பொருள் விரிந்தபோது சொல் குறுக்கே நிற்கவில்லை. நம் சொல் கேட்டவுடன் புரிகிறது, அதனாலேயே இங்கே திசைதிருப்பிவிடும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 11.07ஆம் பிரிவைப் பாருங்கள். மரண தண்டனை அல்லாத பெருங்குற்ற வழக்குகளில், இறுதியாகிவிட்ட தீர்ப்பை எதிர்த்து, தண்டித்த நீதிமன்றத்திலேயே விண்ணப்பம் தாக்கலாகிறது. அங்குள்ள நீதிபதி உண்மைகளை ஆராய்ந்து எழுதி அனுப்புவார். முடிவெடுப்பது மாநிலத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம். வழக்கமான நேரடி மேல்முறையீடு, விசாரணையில் பதிவானவற்றுக்குள் நிற்கும். வழக்கறிஞர் கடமை தவறியது, அரசுத் தரப்பு ஆதாரத்தை மறைத்தது எல்லாம் பெரும்பாலும் இந்த ஹேபியஸ் விண்ணப்பத்தில்தான் வெளிச்சத்துக்கு வரும். தீர்ப்புக்கு அடிப்படையான அறிவியல் சான்று பிழையென்று பின்னர் தெரிந்தால் முறையிட, 2013இல் தனிப்பிரிவே வந்தது. ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதா இதன் சாரம்?

கிளாரன்ஸ் கிடியன் வழக்கறிஞர் இல்லாமல் தண்டிக்கப்பட்டவர். ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் அவருடைய ஹேபியஸ் மனுவைத் தள்ளியதும், சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, மறுவிசாரணையில் விடுதலையானார். நீதிமன்றம் வரை போனது அவருடைய முறையீடுதான்.

அதனால் என் பரிந்துரை 'சிறைவைப்பு முறையீடு'. மேல்முறையீட்டோடு உறவும் தெரிகிறது, வேறுபாடும் தெரிகிறது. 'சீராய்வு மனு' வேண்டாம். நம் நீதிமன்றங்களில் அதற்கு வேறு பொருள் உண்டு. 'சிறைமுறையீடு' என்று சுருக்கினால் சாப்பாடு, படுக்கை பற்றிய புகாராகத் தோன்றும். 'வைப்பு' கட்டாயம் இருக்கட்டும். அடைத்து வைத்ததே சரியா என்பதுதான் கேள்வி. 'ரிட்', அதாவது மனுவின் பேரில் நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணைக்கு 'நீதிப்பேராணை' இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.