எதால் வகுபடும் என்று காட்டாமல் பகு எண் என்று சொல்லலாமா?

செங்காங் சேகர்:
மகள் உயர்நிலை 1 படிக்கிறாள், இப்போது பகா எண் பாடம். நேற்று எம்ஆர்டி ரயிலில் வரும்போது 147573952589676412927 என்ற எண்ணைக் காட்டி, "இது பகா எண் இல்லை, 1876இலேயே கணித அறிஞர் லூக்காஸ் நிரூபித்துவிட்டார்" என்றேன். "அப்போ எதால் வகுபடும்?" என்று கேட்டாள். அதை லூக்காஸ் சொல்லவே இல்லை. அவள் கேட்டதுதான் நியாயம். காரணியைக் காட்டாதவரை அது அரை நிரூபணம்தான்.

கிளமெண்டி தேவி:
அரை நிரூபணம் என்று ஒன்று கிடையாது சேகர். 2இன் 67ஆம் அடுக்கில் 1ஐக் கழித்தால் வருவதுதான் உங்கள் எண். இந்த வகை எண்களுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. லூக்காஸின் வழியை 1930இல் கணித அறிஞர் லெமர் எளிமையாக்கித் தந்தார். 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை இதையே செய்யவேண்டும். முடிவில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

127க்கு அடுக்கு 7. ஐந்து முறை செய்தால் 14, 67, 42, 111, 0. பகா எண். 2047க்கு அடுக்கு 11. ஒன்பதாவது முறை 1736 வருகிறது, ஆகவே பகு எண். அதன் காரணிகளான 23ஐயும் 89ஐயும் நான் தேடவே இல்லை, பாருங்கள்.

செங்காங் சேகர்:
2047ஐ நானே வகுத்துப் பார்த்துவிடலாம் அக்கா. இது 21 இலக்க எண். மெர்சென் என்ற அறிஞர் 1644இல் இதைப் பகா எண் என்றே எழுதி வைத்தார். பெரியவர்களுக்கும் தவறும். 1903இல் கணித அறிஞர் கோல் 193707721ஐயும் 761838257287ஐயும் பெருக்கிக் காட்டிய பிறகுதான் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. பெருக்கத் தெரிந்த எவரும் சரிபார்க்கலாம்.

ஜூரோங் குமரன்:
சரிபார்ப்பது எளிது, ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் காரணி இருக்கிறது என்ற உறுதியை கோலுக்குக் கொடுத்தது லூக்காஸ்தானே? தேடலும் குருட்டுத் தேடல் இல்லை. இந்த எண்ணின் எந்தக் காரணியிலும் 1ஐக் கழித்தால் 134ஆல் மீதியின்றி வகுபடும். 193707720ஐ வகுத்துப் பாருங்கள், சரியாக 1445580.

இன்னொன்று. பகு எண் என்று தெரிவதும் காரணி தெரிவதும் வேறு வேறு என்பதால்தான் இணையத்தில் தகவலைப் பிறர் படிக்காமல் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டு நிற்கிறது. அந்தப் பூட்டின் 2048 பிட் (இரும இலக்க) எண்ணை எல்லாரும் பார்க்கலாம், பகு எண் என்பதும் தெரியும். காரணிகள் உரியவரிடம் மட்டும்தான்.

செங்காங் சேகர்:
சரி, "அரை நிரூபணம்" என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் "எதால்" என்று கேட்ட பிள்ளைக்கு 1876 பதில் ஆகாது, 1903தான் பதில். அதில் நான் மாறமாட்டேன்.

இப்போது அவள் 2047ஐப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். நான்காவது முறை 701 வந்திருக்கிறது. சரிதானே அக்கா?

கிளமெண்டி தேவி:
சரி. அடுத்து 119 வரவேண்டும்.