ஒரே எக்ஸ்எஸ்எல்டி: கோப்பைக் கொடுத்தால் சரி, டாம் மரத்தைக் கொடுத்தால் அடைப்புக்குறி காணோம்

மேலூர்_தமிழி:
வணக்கம். மாங்குளம், கீழவளவு, அழகர்மலை என்று மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளின் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டுப் பாடங்களை நண்பர்கள் சிலர் சேர்ந்து, கல்வெட்டுகளைக் கணினியில் பதிவதற்கான எபிடாக் முறையில் எக்ஸ்எம்எல் கோப்புகளாக ஏற்றி வருகிறோம். கல்லில் சிதைந்துபோய், படித்தவர் ஊகித்துச் சேர்த்த எழுத்தைத் தனி டேகுக்குள் வைப்போம். வலைப்பக்கமாக மாற்றும்போது அது சதுர அடைப்புக்குறிக்குள் வரும்.

மாற்றித் தரும் நிரல் நான் எழுதியது, எக்ஸ்எம்எல்லை மாற்றுவதற்கான எக்ஸ்எஸ்எல்டி 1.0 மொழியில். கோப்பை நேராகப் படிக்கும் எக்ஸ்எஸ்எல்டிப்ராக் கருவியில் ஓட்டினால் சரியாக வருகிறது. ஜாவாவில் கோப்பை டாமாக, அதாவது நினைவகத்தில் ஒரு மரமாக, படித்து, கல்வெட்டுக்கு வரிசை எண் சேர்த்து, அந்த மரத்தைக் கொடுத்தால் டேக் எல்லாம் போய் வெறும் எழுத்து ஒட்டி ஒட்டி வருகிறது. பிழைச் செய்தியும் இல்லை. கல்லில் இருப்பது எது, நாங்கள் சேர்த்தது எது என்றே தெரியவில்லை. இப்படியே வெளியிட்டால் படிப்பவருக்குப் பொய் சொன்னதாகிவிடும். யாராவது உதவுங்கள்.

வைகைக்கரை:
தம்பி, டாக்குமென்ட்பில்டர்ஃபேக்டரியில் செட்நேம்ஸ்பேஸ்அவேர் ட்ரூ என்று வைத்தீர்களா? ஜாவாவில் அது இயல்பாக ஃபால்ஸ். எபிடாக் கோப்பின் டேக் எல்லாம் டெய் நேம்ஸ்பேஸில், அதாவது டெய் என்ற குறியீட்டு முறைக்குரிய பெயர்வெளியில், இருப்பவை. மரம் கட்டும்போதே அது தொலைந்தால் உங்கள் டெம்ப்ளேட் (எந்த டேகை எப்படி மாற்றுவது என்ற விதி) எதுவும் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் எக்ஸ்எஸ்எல்டி தன் உள்ளமை விதிப்படி எழுத்தை மட்டும் எடுத்து வைக்கும். அதனால்தான் பிழையும் வரவில்லை. பில்டரை உருவாக்கும் முன்பே அந்த வரி இருக்க வேண்டும்.

மேலூர்_தமிழி:
அண்ணே, அடைப்புக்குறி வந்துவிட்டது! ஆனால் நான் சேர்த்த வரிசை எண் மட்டும் தனிக் கட்டத்தில் வராமல் முதல் வரியோடு ஒட்டிக்கொள்கிறது.

வைகைக்கரை:
அதற்கும் அதே காரணம்தான். கிரியேட்எலிமென்ட் போட்டிருப்பீர்கள், அது நேம்ஸ்பேஸ் இல்லாத டேகைத்தான் உருவாக்கும். கிரியேட்எலிமென்ட்என்எஸ் போட்டு, டெய் நேம்ஸ்பேஸ் முகவரியையும் கொடுங்கள்.

தெப்பக்குளம்_ஜாவா:
எனக்கு நெடுநாள் ஆதங்கம் ஒன்று. டாமும் எக்ஸ்எஸ்எல்டியும் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி தந்தவைதானே? எக்ஸ்எஸ்எல்டி டாம் மேல்தான் ஓடும் என்று தரத்திலேயே எழுதியிருந்தால், கோப்புக்கு ஒன்று மரத்துக்கு ஒன்று என்ற இந்தக் குழப்பம் வந்திருக்குமா? நிரல் எழுதுகிறவனுக்குக் கற்க வேண்டியதும் ஒன்றாகியிருக்கும்.

வைகைக்கரை:
ஆதங்கம் புரிகிறது. ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள். எக்ஸ்எஸ்எல்டி 1.0 வந்தது 1999 நவம்பர். அப்போது இருந்தது 1998 அக்டோபரில் வந்த டாம் முதல் நிலை. அதில் நேம்ஸ்பேஸே கிடையாது. இரண்டாம் நிலையில்தான் சேர்ந்தது, அது 2000 நவம்பர். அன்றைக்கு டாமோடு கட்டியிருந்தால், தம்பிக்கு வந்த இதே கோளாறு மொழிக்குள்ளேயே குடியேறியிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. டேகாகப் பார்க்காமல் அப்படியே எழுத்தாக எடுக்கச் சொல்லும் சிடேட்டா பகுதியை, டாம் மரத்தில் தனிக் கணுவாக வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்எஸ்எல்டி மரத்தில் இடம் தேடப் பயன்படுத்தும் எக்ஸ்பாத்துக்கு அது வெறும் எழுத்து. டேகின் பண்புக்கூற்றுக்கு (அட்ரிபியூட்) டாமில் பெற்றோர் கணு இல்லை, எக்ஸ்பாத்தில் உண்டு. டாம், கோப்பைத் திருத்துகிறவருக்காகச் செய்தது. மாற்றுகிறவருக்கு ஆவணம் என்ன சொல்கிறது என்பது போதும். அதனால்தான் ஏழு வகைக் கணுக்களோடு எக்ஸ்பாத்துக்கென்று தனி மாதிரி வகுத்தார்கள். அந்த மரத்தை நினைவகத்தில் எப்படிக் கட்டுவது என்பதை நிரலிடமே விட்டார்கள். எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் நிரல்களில் லிப்எக்ஸ்எஸ்எல்டி, சி மொழியில் உள்ள லிப்எக்ஸ்எம்எல்2இன் மரத்தைப் பயன்படுத்துகிறது, சாக்ஸன் தனக்கென்று டைனிட்ரீ வைத்திருக்கிறது. 2017இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 3.0இல், முழு மரமே கட்டாமல் ஓடும்போதே மாற்றும் வழியும் வந்தது. டாம் கட்டாயமாக இருந்திருந்தால் அதற்கு இடமேது?

தெப்பக்குளம்_ஜாவா:
நேம்ஸ்பேஸ் கணக்கு எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நேம்ஸ்பேஸ் இல்லாத மரத்தைக் கொடுத்தால் நிரல் ஒரு எச்சரிக்கையாவது தர வேண்டும். வாய் மூடிக்கொண்டு எழுத்தைக் கொட்டுவது சரியில்லை.

வைகைக்கரை:
அதில் உங்கள் பக்கம்தான் நான். தம்பி, வரிசை எண்ணை மாற்றும்போதே எக்ஸ்எஸ்எல்டியில் சேர்க்க முடியுமே. அப்போது டாமே வேண்டாம், ஸ்ட்ரீம்சோர்ஸாகக் கோப்பை நேராகக் கொடுத்துவிடலாம்.

மேலூர்_தமிழி:
அப்படியே மாற்றிவிட்டேன் அண்ணே. இரண்டு வழியிலும் ஓட்டி ஒப்பிட்டேன், வெளியீடு எழுத்துக்கு எழுத்து ஒன்று. மாங்குளம் முடிந்தது, அடுத்து கீழவளவு ஓடுகிறது.