ஐகன் மதிப்பு இரண்டு தடவை வந்தால் மூன்றாவது வெக்டர் எப்படி எடுப்பது?

வணக்கம் நண்பர்களே, முதல் செமஸ்டர் கணக்கில் ஒரு சந்தேகம். ஒரு மேட்ரிக்ஸை ஆர்த்தோகனல் முறையில் (ஒன்றுக்கொன்று செங்குத்தான ஐகன் வெக்டர்களை வைத்து) டயகனலைஸ் பண்ணச் சொல்கிறார்கள், அதாவது மூலைவிட்டத்தில் மட்டும் எண்கள் இருக்கும் வடிவத்துக்கு மாற்றணும்.

மேட்ரிக்ஸ் வரிசைகள்: (6, −2, 2), (−2, 3, −1), (2, −1, 3). ஐகன் மதிப்புகள் (மேட்ரிக்ஸால் பெருக்கும்போது ஐகன் வெக்டர் எத்தனை மடங்காகிறது என்ற எண்கள்) 8, 2, 2. எட்டுக்கு ஐகன் வெக்டர் (2, −1, 1) வந்துவிட்டது. ஐகன் மதிப்பு 2-ஐப் போட்டால் மூன்று சமன்பாடும் ஒன்றாகிவிடுகிறது. அதில் (0, 1, 1) எடுத்தேன். அடுத்து (1, 2, 0) கூடப் பொருந்துகிறது, ஆனால் முந்தையதோடு டாட் புராடக்ட் 2 வருகிறது. பூஜ்யம் வர வேண்டுமே. விடையில் (1, 1, −1) என்று போட்டிருக்கிறது. டாட் புராடக்ட் போட்டுப் பார்த்தால் (2, −1, 1), (0, 1, 1) இரண்டோடும் பூஜ்யம்தான், அது புரிகிறது.

அதை எப்படிப் பிடிப்பது? கிராஸ் புராடக்ட் (இரண்டு வெக்டருக்கும் செங்குத்தான வெக்டரைத் தரும் பெருக்கல்) போட்டால் போதுமா, கிராம்-ஷ்மிட் (வெக்டர்களைப் படிப்படியாகச் செங்குத்தாக்கும் முறை) வரை போகணுமா? (கிராம்-ஷ்மிட் நீளம், பரீட்சையில் நேரத்தைத் தின்றுவிடும்.) (0, 1, 1)-க்குப் பதில் வேறு வெக்டரில் ஆரம்பித்தால் மார்க் குறையுமா? சீனியர்கள் யாராவது ஸ்டெப்போடு சொல்லுங்களேன்.