தம்பி காலில் கம்பி, கையில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்: நஷ்டஈடு எங்கே கேட்பது?

முல்லைப்பூ:
வணக்கம். மதுரைப் பக்கம் இருக்கிறோம். தம்பிக்கு 34 வயது, டைல்ஸ் ஒட்டும் வேலை. சாயங்காலம் வேலை முடிந்து மேஸ்திரியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தபோது ஒரு கார் பின்னாலிருந்து இடித்துவிட்டது. மேஸ்திரிக்குச் சிராய்ப்புதான். தம்பிக்கு வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இப்போது நடக்கிறான், ஆனால் முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. விபத்து நடந்து ஐந்து மாதமும் சில நாட்களும் ஆகின்றன.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான சீட்டு, எஃப்.ஐ.ஆர். இல்லை) மட்டும் கொடுத்து, "பேசி முடிச்சுக்கங்கம்மா" என்றார்கள். கார்க்காரர் 20,000 ரூபாய் தருகிறேன், ஸ்டாம்பு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார். மேஸ்திரி லேபர் ஆபீஸ் என்கிறார். இன்னொருவர் சிவில் கேஸ் என்கிறார். தம்பி ஹெல்மெட் வேறு போடவில்லை. எங்கே போவது?

ரெண்டு_கம்பி:
அக்கா, முதலில் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கும் 2019-ல் இதே மாதிரிதான், 15,000 ரூபாயோடு வந்தார்கள். அந்தப் பணம் ஸ்கேனுக்கும் ஆட்டோவுக்கும்கூடப் போதாது.

கார் நம்பர் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்கினீர்களா? அதில் "கார் மோதி" என்று இருக்கிறதா, "பைக்கிலிருந்து விழுந்து" என்று இருக்கிறதா, பாருங்கள். என் கேஸில் இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியை வைத்தே ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார்.

சும்மா_சொல்றேன்:
நுகர்வோர் கோர்ட்தான் பெஸ்ட். ஃபீஸும் பெரிதாகக் கிடையாது.

முல்லைப்பூ:
ஏ.ஆர். காப்பி இருக்கிறது. "நான்கு சக்கர வாகனம் மோதியதாகச் சொல்கிறார்" என்று எழுதி, கார் நம்பரும் போட்டிருக்கிறார்கள். 108-ல் கூட வந்தவர் சொல்லி எழுதவைத்தாராம்.

கருப்பு_கோட்:
அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு. இருபது வருடமாக இந்த வழக்குகள் பார்க்கிறேன். பாதி வழக்குகள் சாய்வது அந்த முதல் தாளில்தான்.

சகோதரி, உடைந்த கால் ஒன்றுதான். ஆனால் எப்படி உடைந்தது என்பதைப் பொறுத்துச் சட்டம் வேறு வேறு வாசலுக்கு அனுப்பும். டாக்டரின் கவனக்குறைவால் கால் போனால்தான் நுகர்வோர் ஆணையம். 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் காசு வாங்கும் மருத்துவமும் சேவைதான் என்று சொன்ன பிறகு திறந்த வாசல் அது, கெடு இரண்டு வருடம். ரயிலிலிருந்து விழுந்தால் ரயில்வே தீர்ப்பாயம், கெடு ஒரு வருடம். மின்கம்பி அறுந்து விழுந்தால், யார் தப்பு என்று நிரூபிக்கச் சொல்லாமலே மின்வாரியம் பொறுப்பு. உங்களுடையது சாலை விபத்து. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் 1988 சட்டத்தின் 166-வது பிரிவில் மனு, நாங்கள் எம்.சி.ஓ.பி. என்போம். சிவில் கோர்ட் தேவையில்லை. விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கும் ஊர், கார்க்காரர் இருக்கும் ஊர், எதில் வேண்டுமானாலும் போடலாம்.

மேஸ்திரி சொன்னது முழுத் தப்பில்லை. வேலையில் நடந்த காயத்துக்கு தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படி தொழிலாளர் துறையில் கேட்கலாம். ஆனால் அங்கே நஷ்டஈடு தருவது முதலாளி, அதாவது மேஸ்திரியோ அவருக்கு வேலை கொடுத்த காண்ட்ராக்டரோ. வீடு திரும்பும் வழி "வேலையின் போது" என்பதில் சேருமா என்றே இழுப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-வது பிரிவின்படி இரண்டு இடத்திலும் வாங்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் தீர்ப்பாயம்தான்.

இப்போது அவசரம். 2022 ஏப்ரல் 1 முதல் 166-ல் ஆறு மாதக் கெடு திரும்ப வந்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி நீங்கள் உட்கார வேண்டாம். கையில் இருப்பது சில வாரம். எஃப்.ஐ.ஆர். வரட்டும் என்று மனுவை நிறுத்திவைக்காதீர்கள், இரண்டையும் ஒன்றாக ஓட்டுங்கள்.

ஸ்டேஷனில் பதியாவிட்டால் புகாரை எஸ்.பி.க்கு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. நகர எல்லைக்குள் என்றால் கமிஷனர் அலுவலகம். தாமதமான எஃப்.ஐ.ஆர். என்பதற்காக மட்டும் உண்மையான விபத்தைத் தள்ளக்கூடாது என்று 2011-ல் ரவி எதிர் பத்ரிநாராயணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இங்கே கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணமும் கேட்பதில்லை. இப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றினால் போதும்.

ஹெல்மெட்: உடைந்தது கால். தலையில் ஹெல்மெட் இருந்திருந்தால் கால் தப்பித்திருக்குமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவரை அந்தப் பேச்சு எடுபடாது. பைக்கில் மூன்று பேர் போன 2020 வழக்கிலும், விதிமீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பைக் காட்டு என்றுதான் உச்ச நீதிமன்றம் கேட்டது.

லாரி_செட்டு:
மேஸ்திரி திடீரென்று பிரேக் போட்டார் என்று கார்க்காரர் சொன்னால்?

கருப்பு_கோட்:
சொல்லுவார். ஆனால் பின்னால் உட்கார்ந்தவர் வண்டி ஓட்டவில்லையே. இரண்டு ஓட்டுநர்மேலும் தப்பு இருந்தாலும், பயணி யாராவது ஒருவரிடமே முழுத்தொகையும் கேட்கலாம், அவர்களுக்குள் பங்கு பிரிப்பது அவர்கள் பாடு. 2015-ல் கென்யெய் வழக்கில் தீர்ந்த விஷயம். ஆனால் மேஸ்திரியின் பைக்குக்கு வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் அதிலிருந்து பின்னால் உட்கார்ந்தவருக்கு எதுவும் வராது. அதனால் காரின் இன்சூரன்ஸ் விபத்து அன்று உயிரோடு இருந்ததா என்று எம்பரிவாகன் செயலியில் பாருங்கள்.

முல்லைப்பூ:
இன்சூரன்ஸ் இருக்கிறது. இன்னொரு கவலை. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் 30 சதவீத ஊனம் வரும் என்கிறார். அதற்கு என்ன கிடைத்துவிடும்? இன்சூரன்ஸ்காரர்களே தப்பைப் பற்றிக் கேட்காமல் இரண்டரை லட்சம் தருவார்கள், அதை வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். நாங்கள் பார்த்த வக்கீல் வரும் தொகையில் 25 சதவீதம் கேட்கிறார்.

கருப்பு_கோட்:
அந்த இரண்டரை லட்சம் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவு. பலத்த காயத்துக்கு, யார் தப்பு என்று பார்க்காமல் தருவது. எலும்பு முறிவு பலத்த காயம்தான். ஆனால் அதை ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால் 166 மனு செத்துவிடும். யார் தப்பு என்று காட்டச் சாட்சி இல்லாதவர்களுக்கு அது நல்ல வழி. உங்களுக்கு இல்லை.

30 சதவீதம் டாக்டரின் கணக்கு. தீர்ப்பாயத்தின் கணக்கு வேறு. 2010-ல் உச்ச நீதிமன்றம் தந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பை வக்கீலைப் படிக்கச் சொல்லுங்கள். இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் சக்தி கிட்டத்தட்ட முழுவதும் போகலாம், அரசு எழுத்தராக இருந்தால் வேலையே போகாது. அதனால் உடம்பு எத்தனை சதவீதம் கெட்டது என்பதைவிட, பிழைப்பு எத்தனை சதவீதம் போனது என்று பார்க்க வேண்டும் என்றது. டைல்ஸ் வேலை நாள் முழுக்கக் குத்துக்காலிட்டுச் செய்யும் வேலை. முழங்கால் மடங்காதவன் அதை எப்படிச் செய்வான்? உங்கள் கேஸின் உயிர்நாடி இதுதான்.

கணக்கு எப்படி ஓடும் என்று பாருங்கள். மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குக் கீழே உள்ள கூலித் தொழிலாளிக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் 21,000. வருடத்துக்கு 2,52,000. உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் 34 வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 40,32,000. பிழைப்பிழப்பு 30 சதவீதம் என்றால் 12,09,600. 50 சதவீதம் என்று நிறுவினால் 20,16,000. வலி வேதனை, சிகிச்சை, படுத்திருந்த மாதங்களின் கூலி எல்லாம் தனி. இது வாய்ப்பாடு, வாக்குறுதி இல்லை.

கூலிக்குச் சீட்டு இருக்காது, தெரியும். கட்டுமான நல வாரிய அட்டை, மேஸ்திரி ஜிபேயில் அனுப்பிய பதிவுகள், அவர் சாட்சி, எல்லாம் சேர்த்துவையுங்கள். ஆட்டோ சீட்டு உட்பட.

சதவீதம் பேசி வக்கீல் ஃபீஸ் வாங்கக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நடக்கவில்லையா என்றால் நடக்கிறது, என் தொழிலுக்கு வெட்கக்கேடு. முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், காசில்லாமல் வக்கீல் வைத்துத் தருவார்கள்.

ஹோசூர்_ஷிப்ட்:
இழைக்கு நடுவில் மன்னிக்கவும். எனக்கு பிரஸ் மெஷினில் ஆள்காட்டி விரல் போய்விட்டது. நானும் தீர்ப்பாயம் போகலாமா?

கருப்பு_கோட்:
சாலை விபத்து இல்லையே தம்பி. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பிடித்தால் ஊன உதவித்தொகை அங்கேதான், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் தனியாகக் கேட்க முடியாது. பிடிக்கவில்லை என்றால் அந்த நஷ்டஈட்டுச் சட்டத்தில் இரண்டு வருடத்துக்குள் கேள். அதன் அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம். தனி இழை போடு, விவரம் எழுதுகிறேன்.

முல்லைப்பூ:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபால் போன நாலாம் நாள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், பி.என்.எஸ். (குற்றச் சட்டம்) 281, 125(பி), அதாவது கண்மூடித்தனமாக வண்டி ஓட்டியது, அதனால் பலத்த காயம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுத்த வக்கீலம்மா கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னால் மனுவைப் போட்டுவிட்டார். எம்.சி.ஓ.பி. நம்பர் வந்துவிட்டது.

வக்கீலம்மா தம்பியை ஆபீஸ் தரையில் டைல் ஒட்டுவதுபோல உட்காரச் சொன்னார். இடது கால் மடங்கியது, வலது கால் நீட்டிக்கொண்டே நின்றது, கையை ஊன்றிக்கொண்டு சரிந்தான். மெடிக்கல் போர்டிலும் இதையே செய்துகாட்டு என்றார்.

நேற்று கார்க்காரர் மறுபடி போன் செய்தார். 40,000 தருகிறாராம். வக்கீலம்மா நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.